நீலக்கோட்டுச் சட்டை போட்ட விண்வெளிக்காரி

வீடியோ கேம் பெட்டியின் பக்கவாட்டில் வரைந்திருந்த அந்தப் பெண்ணைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கம்பம் ஜீப் ஸ்டாண்டு வட்டாரத்தில் அப்போது கிடையாது. வெள்ளி நிறத்தில் இரண்டு துண்டுத் துணி, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், அவள் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி. பின்னால் ஒரு சிவப்புக் கிரகம். தலைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. காற்றே இல்லாத இடத்தில் முடி எப்படிப் பறக்கும் என்று முதல் நாளே எனக்குக் கேள்வி எழுந்தது. நான் இயற்பியல் படித்தவன். அப்படித்தான் தோன்றும்.

எண்பதுகளின் கடைசி. வீடியோ கேம் என்பது மதுரைக்கும் மெட்ராஸுக்கும் உரிய சமாச்சாரமாக இருந்தது. மதுரைக்காரர் ஒருவர், எங்கள் ஊரில் ஓடுகிறதா பார்ப்போமென்று ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு கடையைப் பிடித்து அந்தப் பெட்டியை இறக்கினார். பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். உத்தமபாளையத்தில் பட்டமும் வாங்கி, எழுதாத பரீட்சை இல்லை என்று எழுதி, வேலை கிடைக்காமல் இருந்த நேரம்.

"பிசிக்ஸு படிக்க வச்சா பொட்டியத் தொடச்சுக்கிட்டு நிக்கிறானாம்" என்று அப்பா டீக்கடையில் சொன்னது என் காதுக்கும் வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பின்பலகையைத் திறந்தால் உள்ளே பச்சைத் தட்டில் வரிவரியாக ஈயப் பற்று. வோல்டேஜ் இறங்கினால் படம் சுருங்கும். அதற்கு ஸ்டெபிலைசர் முள் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பதை நானே கண்டுபிடித்தேன். இது என்னுடைய தொழில்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மதுரைக்காரர் மட்டும் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். ஓடுச்சுன்னா பொட்டியும் இங்கயே இருக்கும், நீயும் இருப்ப. ஓடலையா, வேன எடுத்துட்டு வந்து ஏத்திட்டுப் போயிருவேன். அப்புறம் என்னையக் கோவிச்சுக்கக் கூடாது."

ஆட்டம் இதுதான்: நம் கையில் ஒரு சின்னக் கப்பல். எட்டுக்கால் பிராணிகள் மேலிருந்து இறங்கும். சுட்டுச் சுட்டு மேலே போனால் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு பெண். கூண்டை உடைத்தால் அவள் இரண்டு கையையும் தூக்குவாள். அத்தோடு ஆட்டம் சுபம். மறுபடியும் முதலிலிருந்து.

சாயங்காலமானால் பாலிடெக்னிக் பையன்கள் வந்துவிடுவார்கள். அவர்களில் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட ஒருவன்தான் கூண்டு வரைக்கும் போகக்கூடியவன். ஆட்டத்தைவிட அவனுக்குப் பேச்சு அதிகம்.

"தம்பி, விண்வெளியில எவ்வளவு குளிருன்னு தெரியுமா? இந்தத் துணியோட போனா ஒரு நிமிஷம் தாங்க மாட்டா" என்றேன் ஒருநாள்.

"அண்ணே, நீங்க கிளாஸ் எடுக்காதீக. அது வருங்காலம்ணே. அப்ப குளிருக்கு மாத்திரை கண்டுபிடிச்சிருப்பாக."

"அப்ப அந்த மாத்திரைய ஆம்பளைகளுக்குக் குடுக்க மாட்டாகளா? கப்பல்ல இருக்கிறவன் தலையில இருந்து காலு வரைக்கும் மூடிக்கிட்டுத்தான இருக்கான்?"

பையன்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரன் அசரவில்லை. "கதாநாயகின்னா பாக்க லட்சணமா இருக்கணும்ணே. அவ்வளவுதான். இல்லைன்னா எதுக்கு இவ்வளவு பேரச் சுட்டுட்டு அவ்வளவு தூரம் போறது?"

பையன்கள் வந்தார்கள், சரி. ஆனால் அவர்கள் மட்டும்தான் வந்தார்கள். குடும்பத்தோடு கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் எங்கள் கடை வந்ததும் பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிவிட்டு எதிர்ச்சாரிக்குப் போனார்கள். பையன்களோ நான்கு பேர் சேர்ந்து ஒரு காசு போட்டுவிட்டு ராத்திரி வரை பேசுகிற ஜாதி. கட்டடத்துக்காரர் பக்கத்திலேயே பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காத. மலைக்குப் போற பொம்பளைக அம்புட்டுப் பேரும் இங்கனதான் ஜீப்பு ஏறுறாக. எங்கிட்ட சாமான் வாங்க வாறவுக அந்தப் படத்தப் பாத்துட்டு அங்கனக்குள்ளயே திரும்பிடுறாக. ஒண்ணு அத மூடு. இல்ல, பொட்டிய வேற எடத்துக்குக் கொண்டுபோ. வாற சந்தை நாளுக்குள்ள பண்ணிரு."

வேறு இடம் என்றால் வேன்தான். வேன் என்றால் மதுரைதான். என் கணக்கு எளிதாக இருந்தது.

பேப்பர் ஒட்டி மூடினேன். பையன்கள் கிழித்தார்கள். மறுபடியும் ஒட்டினேன். இந்தத் தடவை முகம் தெரிகிற அளவுக்கு நேர்த்தியாகக் கிழித்திருந்தார்கள். பிறகு துப்பாக்கி வரைக்கும். நான்காம் நாள் எதுவும் மிச்சமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்தது. கம்பம்மெட்டிலிருந்து இறங்கிய ஜீப் ஸ்டாண்டில் நின்றதும், அதிலிருந்த பெண்கள் எல்லாம் எதிரிலிருந்த முதல் கூரைக்கு ஓடி வந்தார்கள். அது என் கடை. அவர்களில் என் அக்காவும் இருந்தது.

மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் உடுப்பே தனி. சேலைக்கு மேல் ஆம்பளையின் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார்கள். தலையில் துண்டு இறுக்கிக் கட்டியிருக்கும். மழைக்கு ஒரு பாலித்தீன் தாள். இடுப்பைச் சுற்றிச் சாக்கு. அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலில் பழைய காலுறை. அக்கா போட்டிருந்தது நான் கல்லூரிக்குப் போட்டுப்போன, வெள்ளையில் நீலக் கோடு போட்ட சட்டை. காலர் கிழிந்ததும் அது மலைக்குப் போய்விட்டது.

பையன்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். பெண்கள் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே படத்தைப் பார்த்தார்கள்.

"ஏத்தா, இவ எங்க கெளம்பிட்டா?"

"வானத்துக்காம்ல. பின்னாடி பாரு, நெலா மாதிரி என்னமோ செவப்பாத் தொங்குது."

"இந்த ரெண்டு துணியோடயா? நம்ம மலைக்குப் போறதுக்கே பல்லு கிட்டுது."

"அங்கன அட்டை இல்ல போலடி."

"அட்டை இல்லாட்டியும் முள்ளு இருக்காதா, செடி இருக்காதா? வேலைக்குப் போறவ மாதிரியா இருக்கா? போட்டா எடுக்க நிக்கிற மாதிரியில்ல இருக்கா!"

கூரை அதிரச் சிரித்தார்கள். கண்ணாடிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு விசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"தம்பி, இவ இந்த ஆட்டத்துல என்ன பண்ணுறா?"

நான் கண்ணாடிக்காரனைப் பார்த்தேன். அவன் காசைப் போட்டான். இத்தனை பெண்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதாலோ என்னவோ, அன்று போல அவன் என்றும் ஆடியதில்லை. கோட்டைக்குப் போனான். கூண்டு உடைந்தது. உள்ளே இருந்தவள் இரண்டு கையையும் தூக்கினாள்.

"இம்புட்டுத்தானா?" என்றது அக்கா.

"ஆமாக்கா. அவளக் காப்பாத்தியாச்சு" என்றான் கண்ணாடிக்காரன்.

"வெளிய அம்புட்டுப் பெரிய துப்பாக்கிய வச்சுக்கிட்டு நிக்கிறா. உள்ள வந்து பாத்தா கூண்டுக்குள்ள சும்மா நிக்கிறா. அந்தத் துப்பாக்கிய யார்ட்டடா குடுத்துட்டுப் போனா?"

கண்ணாடிக்காரன் திரையை இன்னொரு தடவை பார்த்தான். "அது... அது வேற பொம்பளையா இருக்கும்க்கா."

"அப்ப இவ எங்க? ஆட்டம் முழுக்கப் பாத்தேன், இவளக் காணமே. வாசல்ல நிக்க வச்சதோட சரியா?"

மழை விட்டது. அவர்கள் போய்விட்டார்கள். பையன்கள் அன்று ஆடவே இல்லை, துப்பாக்கி எங்கே போனது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன், எதிரிகள் பிடுங்கிக்கொண்டார்கள் என்றான். இன்னொருவன், கப்பல்காரன் வைத்திருப்பதே அவளுடையதுதான் என்றான். எனக்கு முடிவாகிவிட்டது. மூடுவதற்கு இனி பேப்பர் வேண்டாம், பெயிண்ட் வேண்டும்.

கடைப் போர்டு எழுதுகிற பெயிண்டரைக் கூட்டிவந்தேன். அவர் படத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சேலை கட்டி விட்டுருவமா? பட்டுச் சேலை. ஜரிகை அள்ளும்" என்றார்.

"விண்வெளியில முந்தானை ஒரு எடத்துல நிக்காதுண்ணே."

"அப்ப சுடிதாரு?"

"வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் ஜீப்பு வர்ற நேரத்துக்கு வாங்க. என்ன வரையணும்னு காட்டுறேன்."

மறுநாள் அக்காவை ஜீப்பிலிருந்து இறங்கிய கோலத்திலேயே நிறுத்தினேன். "மூஞ்சியக் கழுவிட்டு வாறேன்டா" என்றது. விடவில்லை. ஒரு கையில் கடைக் கதவின் தாழ்ப்பாள் கம்பியைத் துப்பாக்கி மாதிரி கொடுத்தேன். கூட வந்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஏக்கா, முறைச்சுப் பாரு." "கங்காணியப் பாக்குற மாதிரி பாருடி." அந்தப் பார்வை சரியாக வந்துவிட்டது. பெயிண்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளித் துணி மறைந்து நீலக்கோட்டு முழுக்கைச் சட்டை வந்தது. பறந்த முடியின் மேல் துண்டுக் கட்டு. அதற்கு மேல் கண்ணாடித் தொப்பி, அது என் யோசனை. இடுப்பில் சாக்குப் பை. பூட்ஸை மட்டும் அக்கா மாற்ற விடவில்லை. "அது நல்லாத்தான் இருக்கு. எனக்கே ஒரு சோடி வேணும்" என்றது.

முகம் பம்பாய் முகமாகவே இருந்தது. அதைத் தொடப் பெயிண்டருக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தவுடனே தெரியும், இவள் எங்கோ வேலைக்குப் போகிறாள், வேலையை முடிக்காமல் திரும்ப மாட்டாள் என்று.

கண்ணாடிக்காரன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"கெடுத்துட்டீகளேண்ணே! இப்ப இவ எங்க சித்தி மாதிரியில்ல இருக்கா? நான் எப்பிடிண்ணே இவளப் போயிக் காப்பாத்துறது?"

அக்கா அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தது. "ஏலே, சித்தின்னா காப்பாத்த மாட்டியா? ஒங்க சித்தி எந்த ஊருடா? சொல்லிவிடுறேன்."

அவன் இரண்டு மூன்று நாள் வரவில்லை. வேறு சில பையன்களும் வரவில்லை. ராத்திரி பெட்டியில் விழுந்த காசை இரண்டு தடவை எண்ணினேன். ஆனால் செய்தது சரி என்பதில் சந்தேகம் வரவில்லை. படத்துக்காக வந்தவன் போனால் போகட்டும், ஆட்டத்துக்காக வந்தவன் திரும்பி வருவான் என்று இருந்தேன். வந்தார்கள். கண்ணாடிக்காரனும் வந்தான், முகத்தை மட்டும் படத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டு ஆடினான்.

அவர்கள் வருவதற்கு முன்னாலேயே மலைப் பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். முதலில் படம் பார்க்க: "எங்க சட்டை போட்டிருக்காளாம்ல, எங்கடி?" பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. பிறகு, பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுத் தாங்களே. அக்கா முதல் ஆட்டத்தில் கண் மூடித் திறப்பதற்குள் செத்தது. "இவன் எங்கிருந்துடா வந்தான், சொல்லாமக் கொள்ளாம!" என்று எட்டுக்காலனோடு சண்டை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மறுபடி மறுபடி செத்தது. கண்ணாடிக்காரன் பொறுக்க முடியாமல் பக்கத்தில் நின்று, "இடதுக்கா, இடது!" என்று கத்த ஆரம்பித்தான்.

தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிறு, மதுரைக்காரர் வந்தார். வேனோடு வந்தார். யாரோ படத்தைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க? பம்பாய்ல இருந்து வந்த படம்ப்பா அது! தலையில துண்டக் கட்டி, கூலிக்காரி மாதிரி! எவன் வந்து பாப்பான்? பிளக்கப் பிடுங்கு, ஏத்து."

"படம் பாக்க வாறவுகளுக்கு சினிமாக் கொட்டகை இருக்கு சார். இது ஆட வாறவுகளுக்கு. கொஞ்சம் நில்லுங்க, ஆட்டம் ஓடுது."

ஆடிக்கொண்டிருந்தது அக்கா. அன்றைக்கு அது கோட்டை வாசலைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் தாண்டியதே இல்லை. பெண்கள், பிள்ளைகள், பையன்கள் எல்லாம் நெருக்கியடித்து நின்றார்கள். பலசரக்குக் கடைக்காரரும் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். மதுரைக்காரர் தன் பெட்டியைப் பார்க்க முடியாமல் குதிகாலைத் தூக்கி நின்றார். "இடது! வலது! விடாதக்கா!" கண்ணாடிக்காரன் குரல் கம்மிப்போயிருந்தது.

கூண்டு உடைந்தது. உள்ளே இருந்தவள் வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கினாள். பெயிண்டர் தூரிகை அவளை எட்டவில்லை. அவள் பழைய துணியோடுதான் இருந்தாள்.

அக்கா விசையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

"என்னடி கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற? ஒரு சட்டைய எடுத்து மாட்டிட்டு வா, ஜீப்பு கெளம்பிருச்சு!"

விடியற்காலையில் அவர்கள் ஒருவரையொருவர் வீடு வீடாகக் கூப்பிடுகிற அதே குரல். கடை முழுக்க எழுந்த சத்தத்தில் மதுரைக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் அடுத்த பெண் அக்காவை இடித்துத் தள்ளிவிட்டுக் காசைப் போட்டுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை நடைபாதை வரைக்கும் இருந்தது. மதுரைக்காரர் அந்த வரிசையைக் கடைசி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"யாருப்பா அந்தப் பிள்ள?"

"எங்க அக்கா சார்."

அவர் பெட்டியில் இருந்த படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். வேன்காரனிடம் வெறும் வேனையே கிளப்பச் சொன்னார். ஏறப்போன நேரத்தில் திரும்பி, "அடுத்து ஒரு பொட்டி அனுப்புறேன். அதுல காரு படம்தான் இருக்கு. அதுக்கு ஒண்ணும் மாட்டி விட்டுறாத" என்றார்.

அந்தக் கடையில் நான் பிறகு வருஷக்கணக்கில் இருந்தேன். கண்ணாடிக்காரன் தன் கட்சியைக் கடைசி வரை விடவில்லை. வெள்ளித் துணிதான் அழகு என்பான். ஆனால் புதிதாக வருகிற பையன் எவனாவது படத்தைப் பார்த்துச் சிரித்தால் முதலில் கோபப்படுகிறவனும் அவன்தான்.

"எதுக்குடா சிரிக்கிற? மொதல்ல கோட்டை வரைக்கும் போடா, பாப்போம். அவுக போயிருக்காக."