படியில்லாத வீடு

கொடைக்கானலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு சாலைக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. வெளியே போக வேண்டுமானால் வாசலிலிருந்து செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். முன்னறை ஜன்னலில் பார்த்தால் மேலே போகிறவர்களின் பாதங்கள் மட்டும் தெரியும். மூட்டு தேய்ந்து என் மனைவியால் படியேற முடியாமல் போன பிறகு, ஊர் அவளுக்குச் செருப்புகளாகிவிட்டது. "பால்காரரு புதுச் செருப்பு வாங்கிருக்காரு" என்பாள். "யாரோ டூரிஸ்ட்டு. இந்தச் சேத்துல வெள்ளை ஷூ போட்டு வந்திருக்கு பாருங்க."

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போவார்கள். அதற்கு வெட்கப்பட்டே பல வலிகளை அவள் சொல்வதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். பெங்களூர் கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே பார்த்தாள். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் விலைக்கு வந்த ஒரு வீட்டைக் கண்டுபிடித்தவள் அவள்தான். சின்ன வீடு. ஆனால் தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு படிகூட இல்லை. பார்க்கப் போன அன்று என் மனைவி கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தாள். திரும்ப உள்ளே போனாள். மறுபடியும் வந்தாள். "என்னம்மா தேடுறீங்க?" என்றார் வீட்டுக்காரர். "ஒண்ணுமில்லங்க, சும்மா" என்றாள். அவள் யார் தோளையும் பிடிக்காமல் தெருவில் நின்றதை நான் வெகுநாள் கழித்து அன்றுதான் பார்த்தேன். வாடகைக்கு இப்படி ஒரு வீடு தேடிக் கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் சொந்தக்காரர்கள் இருந்துகொண்டு மாடியைத்தான் வாடகைக்கு விடுகிறார்கள்.

வீட்டுக் கடன் ஏறக்குறைய முடிவாகியிருந்தபோது, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மகளை ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட்டது. இரண்டு மடங்கு பணம். விடுப்பு, பி.எஃப். எதுவும் கிடையாது. கடனை வெரசாக அடைத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். நான் அரசு உதவிபெறும் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறவன்.

"பெர்மனென்ட் வேலைய விட்டுட்டுக் கூலிக்குப் போறேங்கிற" என்றேன்.

"கூலி இல்லப்பா, கான்ட்ராக்ட்."

"கொத்தனாரும் கான்ட்ராக்ட்தான்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராஜினாமா எழுதிக்கொடுத்ததை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். புதிய கம்பெனி அதற்குமேல் காத்திருக்காதாம். பழைய வேலையிலிருந்து விடுபட இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதற்குள் கடன் கைக்கு வந்து பத்திரப்பதிவும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். நான் ஒருவன் இல்லாவிட்டால் அது சரியாகவே நடந்திருக்கும்.

ஒருநாள் வெள்ளனே என்னிடம் வந்தாள். "பேங்க்ல இருந்து விசாரிக்க ஒருத்தர் வருவாருப்பா. எனக்கு மீட்டிங் இருக்கும். நான் இங்கதான் இருக்கேன், இந்தக் கம்பெனிலதான் வேலை பாக்குறேன்னு சொல்லுங்க. அது போதும்." கதவருகே போய்த் திரும்பி இன்னொரு முறை சொன்னாள்: "அது போதும்ப்பா."

வந்தவர் வத்தலக்குண்டுக்காரர். மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தார். மனைவி டீ போட்டாள். முகவரியைக் குறித்துக்கொண்டு, மகளின் மூடிய கதவைப் பார்த்தார்.

"வீட்டுல இருந்தேவா சார்? போன்ல பேசுற வேலையா?"

"இல்லைங்க, சாஃப்ட்வேர்."

"அதுலயும் இப்ப ஆளக் குறைக்கிறாங்களாம்ல. எங்க மச்சான் மகன் வேலை போயி ஊர்ல வந்து கெடக்கான்." டீயை ஊதிக் குடித்தார். "கட்டிக் குடுக்கலையா சார்?"

"அவ வேண்டாம்னுட்டா."

"அப்ப மக சம்பாத்தியம். குடுத்துவச்ச ஆளு சார் நீங்க."

அவர் சிரித்தது சாதாரணச் சிரிப்புதான். எனக்குத்தான் எங்கோ தைத்தது.

"அவளை யாருங்க குறைக்கிறது? அவளே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா. அடுத்த மாசத்துல இருந்து வெளிநாட்டுக் கம்பெனி. கான்ட்ராக்ட்டு. இப்ப வாங்குறதுல ரெண்டு மடங்கு."

அவருடைய பேனா நின்றது. அடுக்களையிலிருந்து மனைவி, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

"இரு, வர்றேன்" என்றேன். போகவில்லை.

"நானும் கான்ட்ராக்ட்டுதான் சார். ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னு. எனக்கு எவனும் ரெண்டு மடங்கு தரல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், இத எழுதிக்கவா?"

அந்த மனிதர் எனக்கு ஒரு வழி விட்டார். அது இப்போது புரிகிறது. அன்று அதை அவருடைய வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"தாராளமா எழுதுங்க" என்றேன்.

கடனை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்த வேலையென்றால் இரண்டு வருட வருமான வரிக் கணக்கைக் காட்டினால்தான் பேசவே முடியுமாம். மகள் ராஜினாமாவைத் திரும்பப் பெறக் கேட்டுப் பார்த்தாள். கம்பெனி மரியாதையாக மறுத்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வங்கிக்குப் போனேன்.

மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். "தெரியாம இருந்திருந்தா வேற சார். தெரிஞ்சபிறகு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

"வயசானவன், விவரம் புரியாம உளறிட்டேன்னு வச்சுக்கங்க."

"உளறினீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்லத்தான் அத்தனை வளைவுகளையும் கடந்து மலையிறங்கிப் போயிருந்தேன். "இல்லை" என்றேன். நேர்மையினால் அல்ல. என் மகளின் கம்பெனிக்கு அவர் போன் போட்டுக் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மகள் என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு மடங்குன்னு அவருகிட்டப் பெருமையாவா சொன்னீங்க?"

"ஆமா."

"எங்கிட்டக் கூலின்னீங்க."

உள்ளே போய்விட்டாள். வத்தலக்குண்டு வீட்டை அந்த மாதமே வேறொருவர் வாங்கிவிட்டார்.

இந்த மழைக்குப் பிறகு ஒருநாள் நல்ல வெயில் அடித்தது. மெதுவாக ஏறிப் பார்க்கலாம் என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தயங்கினாள், நான்தான் விடவில்லை. பாதிப் படியில் அவளுடைய மூட்டு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் மகள் யாருடனோ ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

"விடுங்க. சோலியா இருக்கா. லீவு கேக்க முடியாத சோலி வேற."

பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து வெயிலை மூடியது. என் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேருந்து பாத்தா இடுப்பு வரைக்கும் தெரியுதுங்க" என்றாள்.

நானும் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். மகளின் பேச்சு முடிகிற பாடில்லை.