இரண்டு அகல டயர்களும் ஒரு கரிநாக்கும்

நான் வாங்கிய முதல் கார், முன் சக்கரங்கள் இழுத்துப் போகிற ரகத்துச் சின்ன வெள்ளைக் கார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கார் கிடையாது. அதுவரை ஸ்கூட்டர் ஓட்டியவனுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்களை முந்துவதற்காகவே பொத்தேரி வரை போய்த் திரும்புவேன். ஒரே வருஷத்தில் முன் டயர் இரண்டும் மழமழவென்று ஆகிவிட்டன. பின் டயர்கள் பாதி தேய்ந்திருந்தன.

மாற்றுவதென்றால் சாதாரண டயர் கூடாது, ரேஸ்காரர்கள் போடும் அகல டயர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆயுத பூஜை அன்று காலை மனைவியையும் ஐந்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் போனேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. வேலையாட்களுக்குக் கொடுக்கப் பொரிப் பொட்டலங்கள் ஒரு மேசையில் வரிசையாக இருந்தன. அகல டயர் இரண்டுதான் இருக்கிறது, மற்ற இரண்டும் தீபாவளி கழித்து வரும் என்றார் முதலாளி. அந்த இரண்டையும் முன்னால் மாட்டச் சொன்னேன்.

டயர் மாட்டுகிறவனுக்கு நாற்பது வயதிருக்கும். சோழவரம் கார் பந்தயங்களில் சக்கரம் மாட்டியவன் என்று முதலாளியே பெருமையாகச் சொன்னார். அவன் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“சார், புதுசு ரெண்டையும் பின்னால போட்டுக்கோ சார். பின்னால கீற பழச முன்னால மாட்டித் தரேன்.”

“என்னப்பா இது! இழுக்கிறது முன் சக்கரம். மாப்பிள்ளை ஒருத்தன், மாலை இன்னொருத்தனுக்கா?”

காத்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவன் சிரிக்கவில்லை.

“இழுக்கறது முன்னாலதான் சார், நான் இல்லேங்கல. ஆனா மயை பேஞ்சா தேஞ்ச டயரு ரோட்ட புட்சிக்காது. முன்னால வயுக்கினா ஸ்டீரிங்ல தெரியும். பின்னால வயுக்கினா ஒண்ணும் பண்ண முடியாது, வண்டி சுத்திகினு பூடும். பாப்பா பின்னாலதானே குந்திகினு வருது?”

சிரித்தவர்கள் இப்போது அவனைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சொன்னது சரியா தவறா என்று யோசிக்கவே இல்லை. என் பேச்சைவிடக் கையில் கிரீஸ் உள்ளவன் பேச்சு எடுபடுகிறதே என்றுதான் எரிந்தது.

“பூஜை நாளும் அதுவுமா என் குழந்தையைப் பத்தி என்ன வார்த்தை சொல்றான் பாருங்க! இவன் கை பட்ட டயர் எனக்கு வேண்டாம்,” என்று முதலாளியிடம் கத்தினேன்.

முதலாளி சகுனத்துக்குப் பயந்தவர். “சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கறதுக்கு முன்னாடியே வண்டி சுத்தும்னு சொல்றியே, என் கடை உருப்படுமா? கெளம்பு. இனிமே வராதே,” என்றார். அவன் கையைக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துச் சைக்கிளில் மாட்டினான். வேறொரு ஆள் புது டயர்களை முன்னால் மாட்டினான். போனவன் பங்குப் பொரிப் பொட்டலத்தை முதலாளி என் மகள் கையில் கொடுத்தார். அவள் வழியெல்லாம் தின்றுகொண்டு வந்தாள். நானும் ஒரு பிடி வாங்கித் தின்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேளச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பள்ளிக்கரணை வழியாகத் திரும்பினோம். சதுப்பை ஒட்டிய வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். முன்பக்கம் புது டயரோடு நிலையாக நிற்க, பின்பக்கம் தனியாகக் கிளம்பிப் போனது. வண்டி சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றபோது பின் சக்கரம் ஒன்று சேற்றில் இருந்தது. மகளுக்குப் புருவத்தில் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். ஆறு தையல் போட்டார்கள்.

“அவர் அப்பவே சொன்னாரே,” என்றாள் மனைவி.

“சொன்னதாலதான் நடந்தது. கரிநாக்கு,” என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகு அது எனக்கே வசதியாக இருந்தது. அலுவலகத்தில் சொன்னேன், தெருவில் சொன்னேன், டயர் கடை முதலாளியிடம் மெனக்கெட்டுப் போய்ச் சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குரோம்பேட்டை வரை எந்தக் கடையிலும் அவனைச் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஜாக்கி போட்டு, அகல டயர் இரண்டையும் பின்னால் மாற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன் ஒரு நாள் காலை அவன் என் வீட்டு கேட்டில் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

“சார், நீ ஒரு வார்த்த சொன்னா கடையில சேத்துக்குவாங்கோ. மூணு மாசமா பேஜாரா கீது.”

சொல்லிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். கார் தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. டயர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று இப்போதும் நினைத்துக் கூசுகிறேன். அவன் குத்திக் காட்டியிருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை.

“நல்லதா போச்சு சார். பாப்பா எப்டி கீது?” என்றான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். மனைவியைக் கூப்பிட்டு, “குழந்தையை உள்ளே கூட்டிட்டுப் போ, இவன் கண்ணுல பட வேண்டாம்,” என்றேன். அவன் காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.