எலி தூக்கிக்கொண்டு போன சாமான்

கார் கம்பெனியில் வேலை செய்கிறவளுக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மண்ணூரில் ஒரு நம்பிக்கை உண்டு. தெருவில் யார் வண்டி நின்றாலும் "அந்தப் பொண்ணக் கூப்புடு" என்பார்கள். எனக்குத் தெரிந்தது கதவு ரப்பர். அசெம்பிளி லைனில் கார் நகர்ந்து என் முன்னால் வரும். இடது பக்கக் கதவுகளைச் சுற்றி ரப்பரை வைத்து அழுத்துவேன். கார் நகர்ந்துவிடும், அடுத்தது வரும். அதற்கு முன்னால் அந்தக் காருக்கு என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். இதைச் சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது மண்ணாவது.

அதனால்தான் அம்மா ஒரு நாள், "உங்கப்பா வண்டிய ஓட வச்சுக் குடுடி" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. அப்பா வாடகைக்கு ஓட்டிய பழைய பெட்ரோல் கார். கல்யாணம், பிரசவம், விமான நிலையம் என்று ஊரில் பாதிப் பேர் அதில் ஏறியிருக்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் அது நின்றது. "இன்ஜின் போச்சு" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். பிறகு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். நீலக் கயிற்றில் ஒரு விசில் மாட்டிக்கொண்டு, போகிற வருகிற காருக்கெல்லாம் கம்பியைத் தூக்கிவிடுகிற வேலை. போன வருஷம் நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

கொட்டகையை இடித்துவிட்டு ரூம் கட்டலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். இங்கே ஒரு ரூம் காலியானால் கம்பெனி வேலைக்கு வந்த நாலு தெற்கத்திப் பையன்கள் அதன் முன்னால் பெட்டியோடு நிற்கிறார்கள். திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகக் காயலான் கடைக்காரரும் சொல்லிவிட்டார். அப்போதுதான் அம்மா குறுக்கே நின்றாள்.

"ஒரே ஒரு தபா ஓடட்டும். அந்தச் சத்தத்த நான் கேக்கணும். அப்பால எங்க வேணா அனுப்பிக்க."

"துருப்பிடிச்ச டப்பாம்மா அது. எதுக்கு இப்ப?"

"அது நின்ன அன்னிக்கே உங்கப்பா மனசும் நின்னு பூடுச்சு. ஓட வச்சுட்டுத்தான் அனுப்பணும். இல்லாங்காட்டி அந்தப் பாவம் என்னிய வுடாது."

பாவம் என்றது பேச்சுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச வாய் வரவில்லை. அப்பா போனபோதுகூட அவள் இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை.

லைனில் எனக்குப் பழக்கமான இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். கம்பெனியில் யாருக்கும் யார் பேரும் வாயில் வராது, செய்கிற வேலைதான் பேர். ஒருவர் வயரிங் அண்ணன், திருநெல்வேலிக்காரர், இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர். இன்னொருவர் பிரேக் அண்ணன், உள்ளூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தார்கள். அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். புது வண்டிக்கு வைப்பதுபோல நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வேறு. டயரில் காற்றே இல்லை, அதற்கடியில் பழம்.

நாங்கள் வேலை செய்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். லைனில் ஆளுக்கொரு ஸ்டேஷன், அவரவர் இடத்து வேலை மட்டும். இங்கேயும் அப்படியே. பிரேக் அண்ணன் இறுகிக் கிடந்த சக்கரங்களைத் தட்டித் தட்டி விடுவித்து, காற்றடித்து, பிரேக் எண்ணெய் மாற்றி, "நம்ம ஸ்டேஷன் ஓகே" என்று கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். வயரிங் அண்ணன் பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். "ஒயர் பூராவும் எலி கொதறிக் கெடக்கு தங்கச்சி" என்று புலம்பிக்கொண்டே ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டார். கடனுக்கு வாங்கி வந்த பேட்டரியை வைத்தார். "என் சோலி முடிஞ்சுது" என்றார். பழைய பெட்ரோலை இறக்கிப் புதுசு ஊற்றினோம். இறக்கியதில் வார்னிஷ் நாற்றம் அடித்தது. நான் என் பங்குக்கு நாலு கதவு ரப்பரையும் தடவிப் பார்த்துவிட்டு ஓகே என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சாவியைத் திருப்பினோம். இன்ஜின் நன்றாகச் சுற்றியது. ஆனால் பற்றவில்லை. மறுபடி திருப்பினோம். சுற்றியது, பற்றவில்லை.

"நம்ம ஸ்டேஷன் ஓகேப்பா."

"எனக்கும் ஓகேதான். வேற எங்கயோதான் கோளாறு."

வேறு எங்கே? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்தால் நாங்கள் செய்து அனுப்பிய கார்கள் இந்தியா பூராவும் ஓடுகின்றன. இங்கே ஒரு கிழட்டுக் காரின் முன்னால் பேயறைந்தது போல நின்றோம். இன்ஜின் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடியும் அதற்குள் போகிற ஒயர்களும் இருந்தன. எங்கள் கார்களில் அப்படி ஒன்று கிடையாது. ஒயர் மூடிவரை சரியாக இருக்கிறது என்றார் வயரிங் அண்ணன். மூடிக்குள்ளே? அது தன் வேலை இல்லை என்றார். முன்னால் இருப்பவன் சரியாகச் செய்திருப்பான் என்று நம்புவதுதான் லைன். நம்பாவிட்டால் ஒரு கார்கூட வெளியே போகாது.

அம்மா இதையெல்லாம் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. நான் எரிச்சலில், "போதும்மா, நாளைக்கு எடுத்துட்டுப் போவட்டும்" என்றேன். அவள் சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். வரும்போது ஒரு சின்னத் துணி முடிச்சோடு வந்தாள். அதை அவிழ்த்து என் கையில் வைத்தாள். கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, மேலே ஒரு பித்தளைத் தகடு. தகடு பச்சை பூத்திருந்தது.

"அந்தக் கறுப்பு மூடிக்கு உள்ள இருக்கறது இது. இது இல்லாம ஓடாது."

நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். "இது எப்படி உன்கிட்ட?"

"நாந்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

பிரேக் அண்ணன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவின் அத்தனை வருஷமும் அந்தக் கம்பெனி வாசலில் கழிந்தது இந்தக் கட்டைவிரல் அளவுத் துண்டாலா?

அவளாகவே சொன்னாள். வண்டி திருட்டு அதிகமாக இருந்த சமயத்தில், ராத்திரி வந்ததும் அப்பா இதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பாராம். திருடன் சாவியோடு வந்தாலும் வண்டி கிளம்பாது. அவர் ஏதோ வைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். என்னவோ என்று விட்டுவிட்டேன்.

"ஒரு நாளு ஒரகடம் ரோட்ல இருட்டுற நேரம் வந்துகினு கீறோம். லைட்டு இல்லாம ஒரு டிரெயிலர் ஓரமா நிக்குது. இவரு நேரா அது மேல போறாரு. நான் கத்துனேன். கடைசில ஸ்டியரிங்க ஒடிச்சிட்டு, இன்னாத்துக்குக் கத்தறன்னு என்னியக் கேக்கறாரு. அவ்ளோ பெரிய டிரெயிலர் அவரு கண்ணுக்கே தெரியலடி."

சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்தச் சாமான் இல்லை. எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அம்மா சொன்னாள். அவர் வீடெல்லாம் தேடினார். பிறகு, "இது இப்ப எங்கியும் வர்றதில்ல, கெடைக்காது" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைச் சாத்தினார்.

"ஓட்ட வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"எப்டிடி சொல்லுவேன்? ஓட்டறதுதானே அவரு? உனுக்குக் கண்ணு தெரியலன்னு என் வாயால சொன்னா தாங்குவாரா?"

"காலையிலேந்து நாங்க அல்லாடிட்டு இருக்கோம். அப்பவாவது குடுத்திருக்கலாம் இல்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க காரே செய்றவங்க. அது இல்லாமயே ஓட வச்சுடுவீங்கன்னு நெனச்சேன். நான் சொல்லாமயே முடிஞ்சுடும்னு."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் நின்றேன்.

பிரேக் அண்ணன் அந்தத் துண்டைப் படம் பிடித்துத் தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. ரோட்டர் என்று பேராம். பூந்தமல்லியில் எந்தக் கடையில் கேட்டாலும் தருவான், அப்போதும் கிடைத்தது, இப்போதும் கிடைக்கும் என்றார் அந்த மெக்கானிக். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோர் காதிலும் விழுந்தது.

"கெடைக்காதுன்னாரே" என்றாள் அம்மா.

பச்சையைத் தேய்த்துப் பார்க்கலாம் என்று வயரிங் அண்ணன் உப்புத்தாள் தேடினார். டிரைவர் சீட்டுக்கு அடியில் அப்பாவின் டூல் பை இருந்தது. கையை விட்டுத் துழாவியவர், "இங்க ஒண்ணு புதுசாவே கெடக்கே" என்று ஒரு பாக்கெட்டை எடுத்தார். பிரிக்காத பிளாஸ்டிக் பாக்கெட். உள்ளே அதே சாமான், பளபளவென்று. பாக்கெட்டைச் சுற்றி ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது.

அவர் பாட்டுக்குக் கயிற்றை அவிழ்த்து என்னிடம் தந்துவிட்டு, பாக்கெட்டைக் கிழித்து, மூடியைத் திறந்து மாட்டினார். சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, உதறியது, கறுப்பாகப் புகை கக்கியது, பிறகு ஓட ஆரம்பித்தது. அண்ணன்கள் இரண்டு பேரும் கை தட்டினார்கள். நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினாள். வாராவாரம் யூனிபாரத்தோடு சேர்த்து அவள் துவைத்த கயிறு.

"இது விசில் கயிறாச்சே. வாசல் வேலைக்குப் போனப்புறம் குடுத்தது."

"ஆமாம்மா."

அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. கிடைக்காது என்று அவர் சொன்னது பொய். எலிக் கதையை அவர் ஒரு நாளும் நம்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு எப்போதோ போய்ப் புதுசு வாங்கியிருக்கிறார். டூல் பையில் வைத்திருக்கிறார். நினைத்த அன்றைக்கு மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மாட்டவில்லை. ராத்திரி ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் ஒளித்ததைத் தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தெரிஞ்சுகினேவா?" என்று அம்மா வண்டியைப் பார்த்துக் கேட்டாள். "எல்லாந் தெரிஞ்சுகினேவா வாசல்ல போய்க் குந்துன? நான் பாவம் பாவம்னு வெந்துகினு கெடந்தேனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அறை வாங்கியவள் மாதிரி கன்னத்தில் கை வைத்தபடி நின்றாள்.

"அணைச்சிடலாமாம்மா?" என்று கேட்டார் பிரேக் அண்ணன். எங்கள் மூன்று பேரில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"வேணாம். பழம் நசுங்க வேணாவா? நம்ம வூட்டு கேட்டு வரைக்கும் ஓட்டு" என்றாள். சொல்லிவிட்டு, கதவைத் திறந்து முன் சீட்டில், அப்பா ஓட்டும்போது அவள் உட்காருகிற பக்கத்தில், ஏறி உட்கார்ந்தாள். நீலக் கயிறு கையிலேயே இருந்தது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பிரேக் அண்ணன் கியர் போடப்போன சமயத்தில், அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, உனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா? தெரியலன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அம்மா அவர் பதில் சொல்லும்வரை கையை விடவில்லை.