உப்புப் பார்க்காத மேஜை

மூன்று வருடங்களுக்கு முன், கொல்கத்தா நியூ டவுனில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. கணவருக்கு வங்கி வேலை. மாற்றலாகி வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த ஊரில் கிறிஸ்துமஸை 'பொரோதின்' என்பார்கள், பெரிய நாள் என்று அர்த்தம். எந்த மதமானாலும் அன்றைக்கு வீட்டில் கேக் உண்டு. எங்கள் குடியிருப்பிலும் வருடா வருடம் கீழே ஹாலில் விருந்து நடக்கும்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. குடியிருப்பவர்களுக்கு ஹாலில் விருந்து. காவலாளிகளுக்கும் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் கேட் பக்கத்தில் பாக்கெட். அந்த வருட மீட்டிங்கில் எழுந்து சொல்லிவிட்டேன். சமையல்காரர் வேண்டாம், ஒரே நீள மேஜை போடுவோம், பழம், கேக், இனிப்பு, காரம் எல்லாவற்றையும் அதில் பரப்பிவிடுவோம், இங்கே வேலை செய்கிறவர்களும் நாமும் சேர்ந்து நின்று எடுத்துச் சாப்பிடுவோம், நானே செய்கிறேன் என்று. செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "செய்யுங்க. ஆனா சொதப்பினா அடுத்த வருஷம் பழையபடி பாக்கெட்தான்" என்றார். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. சரி என்றேன்.

இதற்குக் 'கிரேசிங் டேபிள்' என்று பெயர் என வீட்டில் சொன்னதும் கணவருக்கு ஒரே சிரிப்பு. "மேயறதுக்கு மேஜையா? கழுத்துல மணி கட்டிண்டு வரணுமா?" என்றார். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி காலை ஆறு மணிக்கெல்லாம் அடுப்படியில் இறங்கினோம், நானும் மாஷியும். மாஷி எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவுகிறவர். என்னைப் 'பௌதி' என்பார், அண்ணி என்று அர்த்தம். பதினைந்து லிட்டர் பாலைத் திரித்து, இந்த ஊரில் சேனா என்கிற பன்னீரை வடிகட்டி, கொத்தமல்லி, பச்சைமிளகாய், மிளகு சேர்த்து மூன்று பெரிய பாத்திரம் நிறையத் தொட்டுக்கொள்ளச் செய்வதாகத் திட்டம். மேஜைக்கு நடுநாயகமே அதுதான்.

மாஷி திரும்பி உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கும்போதே உப்பைப் போட்டுப் பிசைந்துவிட்டு, "அரைச்சு வைங்க மாஷி" என்று சொல்லிக் கீழே கிளம்பினேன். மாஷி ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு, "பௌதி, கொஞ்சம் வாயில போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பண்டிகைச் சமையலைப் படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கமாட்டோம். அந்தப் பழக்கத்தில், "கூடாது, விசேஷத்துக்குச் செய்யறதை வாயில வைக்கவே கூடாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டார்.

கீழே வாழையிலைகளை மேஜை நீளத்துக்கும் விரித்தேன். கமலா ஆரஞ்சு, கொய்யா, பேரீச்சை, புது வெல்லத்து சந்தேஷ் இனிப்பு, பிளம் கேக், முறுக்கு என்று கொண்டுவந்து அடுக்க அடுக்க, மேஜை எனக்கே கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.

மதியம் இரண்டு மணி. பாத்திரத்தைத் தூக்க வந்த கணவர் விரலால் ஒரு வழி வழித்து வாயில் வைத்தார். முகம் கோணிப்போயிற்று. "என்னடி இது, ஒரே உப்பு. வாயிலயே வைக்க முடியலை."

நான் போட்டது தெரியாமல் மாஷியும் உப்புப் போட்டிருக்கிறார். மூன்று பாத்திரமும் போச்சு. ஐந்து மணிக்கு விருந்து.

"போட்டுட்டீங்களான்னு கேட்டிருக்கக் கூடாதா மாஷி?" என்று சீறினேன்.

"ருசி பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் பௌதி" என்றார். குரல் உயரவில்லை.

கணவர் வேறு, "கிறிஸ்துமஸுக்கு யாருக்கு நைவேத்தியம் பண்ணப்போறே?" என்றார். காலையில் விருந்துக்கு எடுத்துவைத்த தட்டிலிருந்து என் மகள் ஒரு சந்தேஷை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாஷி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அப்படியென்றால் என் சட்டம் யாருக்கு மட்டும்? வெட்கமாகப் போய்விட்டது.

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. "எப்படியாவது இதைக் காப்பாத்தணும் மாஷி" என்றேன். அவர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. "உருளைக்கிழங்கு வேக வைங்க, உப்பே வேண்டாம். சாப் போட்டுடலாம்." மாலை நேரத்தில் இந்த ஊர்த் தெருவெங்கும் பொரித்துத் தருவார்களே, ரஸ்க் தூளில் புரட்டிய அந்தச் சாப். கணவர் மூட்டை போலக் கிழங்கு வாங்கி வந்தார். நான் தோலுரித்து மசித்தேன், மாஷி சேனாவோடு பிசைந்து உருட்டினார்.

முதல் சாப் எண்ணெயிலிருந்து வந்ததும் ஊதி ஆறவைத்து மாஷியிடம் நீட்டினேன். "நீங்க சொல்லுங்க." அவர் வாங்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். "காலையில நான் சொன்னது தப்பு மாஷி" என்றேன். அதற்கப்புறம்தான் வாங்கிக் கடித்தார். மெல்ல மென்றுவிட்டு, "இன்னும் நாலு கிழங்கு போடணும்" என்றார். போட்டோம்.

ஐந்து மணிக்கு மேஜையின் நடுவில் சாப் குவியலில் ஆவி பறந்தது. காவலாளிகள் வாசலோடு நின்றுவிட்டார்கள், உள்ளே வரக் கூச்சம். மாஷி சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நேராகப் போய், முதல் ஆளாக ஒரு சாப்பை எடுத்துக் கடித்து, "வாங்க, நான் செஞ்சது" என்று கை காட்டினார். வந்தார்கள். செயலாளர் நான்கு சாப் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருடமும் மேஜையே இருக்கட்டும் என்றார். இன்றுவரை பாக்கெட் திரும்பி வரவில்லை.

பூஜைக்குச் செய்வதை நான் இப்போதும் ருசி பார்ப்பதில்லை. மற்றபடி எங்கள் வீட்டில் எது செய்தாலும் முதல் ஸ்பூன் மாஷிக்குத்தான். ஊருக்கெல்லாம் ஒரே மேஜை என்று கீழே வாதாடியவள், என் அடுப்படியில் மாஷி ஸ்பூனைக் கழுவி வைக்கும்படி செய்தேன் என்பதை, அவர் "உப்பு சரியா இருக்கு பௌதி" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.