ஒரு குறையும் இல்லாத ஸ்டியரிங்

நான் சத்தியம் செய்யப் போவதில்லை. சத்தியம் செய்து சொன்னபோது கூடப் பிறந்த அக்காவே நம்பவில்லை. நீங்களா நம்பப் போகிறீர்கள்? ஆனால் நடந்தது நடந்ததுதான். இன்றைக்கும் என் வலது கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தூங்குகிறேன்.

நானும் அக்கா புருஷனும் சேர்ந்து ஒரு வொர்க்‌ஷாப் வைத்திருந்தோம். பெரும்பாலும் பிரேக், ஸ்டியரிங் வேலைகள். மச்சானுக்கு வாய் ஓயாது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே ஊர் வம்பெல்லாம் பேசுவார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளைச் சாப்பாடும் அக்கா வீட்டில்தான்.

அன்று மதியம் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் பழைய வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு அல்ல. வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.

"வண்டி ஓடாதா சார்?" என்று கேட்டேன்.

"ஓடும். நான் ஓட்டறதில்லை."

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"ஸ்டியரிங்கை முழுசாக் கழட்டிப் பாருங்க. உள்ள ஏதாவது கோளாறு இருக்கா, இல்லையா... அதை மட்டும் எனக்குச் சொன்னாப் போதும்."

"எந்தப் பக்கம் இழுக்குது?"

வண்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வலது பக்கம்."

வண்டி முழுக்கப் பழசு. டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் புத்தம் புதிது.

முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு சக்கரத்தையும் கழற்றினோம். ஸ்டியரிங் பாக்ஸை வெளியே எடுத்து மேஜையில் இருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கினோம். கண்ணாடிக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த பல் வெட்டிய நீளக் கம்பியை உருவினோம். அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தையும் எடுத்தோம். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தேன். தேய்மானமே இல்லை. கம்பியைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினோம். மயிரிழைகூட வளைவு இல்லை.

"மாப்ளே, இதுல குறை வேணும்னா நாமதான் புதுசாச் செஞ்சு போடணும்" என்றார் மச்சான்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை சார்."

அவர் முகம் செத்துப்போயிற்று. குறை இல்லை என்றால் மனுஷன் சந்தோஷப்படத்தானே வேண்டும்?

புதுக் கிரீஸ் வைத்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினோம். வண்டியில் ஏற்றுவதற்கு முன், பாக்ஸ் வைஸில் இருக்கும்போதே, மேலே நீட்டிக்கொண்டிருந்த ஸ்டியரிங் தண்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுழன்றது. நடுவில் நிறுத்தினேன்.

என் கை நிற்கவில்லை.

வலது பக்கம்... இன்னும் வலது பக்கம்... கிர்ர்ர்ர்... கடைசிப் பல் வரைக்கும் போய் 'டக்' என்று முட்டியது. விரல்கள் தண்டை விடவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். ஐந்தும் பனிக்கட்டி மாதிரி இருந்தன.

"என்னடா, தண்டோட மல்லுக்கட்டற? காலைல சாப்பிட்டியா இல்லையா?"

"கை மரத்துப் போச்சு மச்சான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கண்ணாடிக்காரர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். என் கையையே பார்த்தபடி.

பாக்ஸை மாட்டி, அலைன்மென்ட் பார்த்து முடிக்கும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. மச்சான் சாவியை எடுத்தார்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்."

"ரெண்டு பேருமே போங்க" என்றார் கண்ணாடிக்காரர். "தம்பி பக்கத்து சீட்ல உட்காரட்டும்."

"நீங்களும் வாங்களேன் சார்."

"இல்லை. நான் இங்கயே நிக்கறேன்."

புறவழிச் சாலையில் ஏறினோம். வண்டி அம்பு மாதிரி நேராகப் போனது. மச்சான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினார். இம்மிகூட இழுக்கவில்லை.

"பாத்தியா? அந்தாளுக்குத்தான் ஏதோ கோளாறு."

எதிரே தூரத்தில் லாரி ஒன்றின் வெளிச்சம்.

என் வலது கை மடியில் இருந்தது. குளிர ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி... பிறகு மணிக்கட்டு... பிறகு முழங்கை.

"மச்சான், வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"ஏன்டா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

கை எழுந்தது.

நான் தூக்கவில்லை. அதுவாக எழுந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்தது.

லாரி ஹாரன்...

"டேய்! விடுடா... விடுடா!"

இடது கையால் வலது கையை அடித்தேன். நகத்தால் கீறினேன். கடித்தேன்.

அது மெதுவாகத் திருப்பியது.

வலது பக்கம்.

எனக்கு நெற்றியில் ஆறு தையல். மச்சானுக்கு இரண்டு காலையும் முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் கேட்டபோது அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கண் கூசி வண்டி தடுமாறிவிட்டது என்றுதான் சொன்னார். அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

"அவன்தான் திருப்பினான். சிரிச்சிக்கிட்டே திருப்பினான்."

நான் சிரித்தேனாம்.

அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தாள். அழவில்லை. திட்டவில்லை.

"என்னடா பண்ணாரு அவரு உன்னை?" என்றாள்.

நான் சொன்னது எதையும் அவள் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு பேசவும் இல்லை.

நான்காம் நாள் கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மச்சானைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்.

"கை தானா எழுந்துச்சா தம்பி?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என் பையன் அந்த வண்டியிலதான் செத்தான். பக்கத்துல அவங்கம்மா. அம்மாதான் திருப்பினாங்கன்னு உயிர் போறதுக்கு முன்னாடி பையன் சொல்லிட்டான். என் கை என் பேச்சைக் கேக்கலீங்கன்னு அவ கதறினா. பெத்த பிள்ளையைக் கொன்னவளாச்சேன்னு நான் அவளை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டினேன். ஒரு நாள் கதவைத் திறந்தப்போ தொங்கிட்டிருந்தா."

"சார்..."

"எத்தனையோ இடத்துல கழட்டிப் பார்த்தேன். எல்லாரும் குறை இல்லேன்னாங்க. அதான் ரெண்டு பேரா அனுப்பினேன். அவ பொய் சொல்லலை தம்பி. இப்பத்தான் எனக்கு நெஞ்சு ஆறுச்சு."

என் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"இதை எங்க அக்காகிட்ட வந்து சொல்லுங்க சார். கால்ல வேணா விழறேன்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். என்னை நிதானமாகப் பார்த்தார்.

"சொன்னா, தெரிஞ்சேதான் அனுப்பினேன்னு ஆயிடுமே தம்பி."

எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் கண்ணில் படவே இல்லை.

மூன்று மாதம் கழித்து, வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சம்மட்டியும் கையுமாக அந்த இரும்புக் கடைக்கு ஓடினேன். அந்த ஸ்டியரிங் பாக்ஸை உடைத்துப் பொடியாக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெள்ளைக் கார் மூலையில் கிடந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். பாக்ஸ் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அதுவா?" என்றான் கடைக்காரன். "அடியே படலைண்ணே. யாரோ நல்லாக் கழட்டி, கிரீஸ் வெச்சு, புதுசு மாதிரி பண்ணியிருந்தாங்க. வந்த அன்னைக்கே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு."

"யாரு? எந்த வண்டிக்கு?"

"அதெல்லாம் யாரு கேட்டா? குடும்பத்தோட வந்திருந்தாரு."