சஷ்டிக்குப் பூ கொண்டுவந்தவர்

கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்கும். எங்கள் திருத்தணியில் முருகன் கோபம் தணிந்து நிற்பதால் அன்று பூவைத்தான் கொட்டுவோம்.

போன சஷ்டியில் என் பக்கத்தில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் கூடை நிறையச் சாமந்தியோடு உட்கார்ந்திருந்தார். டாங்கியை உடைக்கும் ஏவுகணையைப் பல தடவை விட்டதில் வலது காது போய்விட்டதாம். யார் பேசினாலும் இடது காதைத் திருப்புவார். மகன் இப்போது எல்லையில் நடக்கும் சண்டையில் இருக்கிறான் என்றார்.

"ஜெயிச்சு வரணும்னு வேண்டிக்கிறேங்க," என்றேன்.

"ஆங், சண்டையப் பாக்காதவங்க அப்படித்தான் சொல்வீங்க," என்று சிரித்தார். "பேச்சுவார்த்தை நடந்துகினு இருக்குதாம். அது நல்லபடியா முடியட்டும்னு வேண்டிக்குங்க. நான் அடிச்ச டாங்கியிலயும் யாரோ பெத்த புள்ளைங்கதானே இருந்தாங்க?"

கூடையை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு கையாலும் அள்ளினேன். எதிரி வீட்டுப் பிள்ளைக்காகவும் நான் சாமியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு வீட்டுக்கும் முருகன் பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைப்பான்.