லோடுக்கு ஒரு ஆள்

என் மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்ததற்குக் கறுப்பு நிறம், நான்கு சக்கரம். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய கார் அது. இளையவர் என் வீட்டுக்காரர். இரண்டில் எதற்கு ஒன்று என்றால் மாமனார் பதறுவார் என்பது கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். சங்ககிரியில் வாழ்க்கைப்பட்ட பிறகு அந்த வாயை மடக்கி வைக்கத்தான் பெரும்பாடு பட்டேன். மாமனார் லாரி ஓட்டிப் பிறகு லாரிகள் வைத்திருந்தவர். அவர் கணக்கில் உலகத்து ஆம்பிளைகள் இரண்டே வகை: கயிறு கட்டத் தெரிந்தவன், தெரியாதவன். என் வீட்டுக்காரர் நூல் மில் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். "பேனா புடிக்கற கையில கயிறு நிக்குமா?" என்று வந்த விருந்தாளி முன்னால் மாமனார் கேட்பார். வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். தலைமுடி நரைத்த மனிதர், அப்பாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுமா என்று இன்னும் காத்துக்கொண்டு சிரித்த அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் சாலையை அகலப்படுத்த ஆரம்பித்ததும் கார் நின்ற கொட்டகையை இடிக்க வேண்டி வந்தது. புழுதி வேறு. காரைச் சேந்தமங்கலத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைப்பது என்று மாமனார் முடிவு செய்தார். அங்கே அதற்கு ஒரு அறை கட்டினார். ஈரம் ஏறாத சிமென்ட் தரை, எலி நுழையாமல் கம்பி வலை, காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன். டயர் தரையில் அழுந்திக் கிடக்கக் கூடாது என்று அச்சுக்குக் கீழே கொடுக்க வேப்பமரக் கட்டைகள். போர்த்துவதற்குப் பருத்தித் துணி. பிளாஸ்டிக் போர்த்தினால் வண்டிக்கு வியர்க்குமாம். எங்கள் படுக்கை அறைக்கு இன்றைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். சித்திரையில் நாங்கள் வியர்ப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

திறந்த லாரியில் ஏற்றினால் கல் தெறித்து பெயிண்ட் போகும் என்று பொட்டி லாரி பேசினார். நாலு பக்கமும் கூரையும் இரும்புத் தகடு, பின்னால் பூட்டும் கதவு. மேலே காற்றுக்கு என்று இருந்த சின்ன ஓட்டைகளையும் புழுதி வரும் என்று துணி வைத்து அடைக்கச் சொன்னார். வெறும் டேங்கில் துரு பிடிக்கும், நாள்பட நிறுத்தும் வண்டிக்கு டேங்க் நிறைய இருக்க வேண்டும் என்று பெட்ரோலை வாய் வரைக்கும் ஊற்றினார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. காரை அவ்வளவு நன்றாக அறிந்த மனிதர் அவர்.

அன்று வெள்ளிக்கிழமை. ராகு காலம் கழிந்துதான் கிளம்ப வேண்டும் என்றதால் உச்சி வெயிலில் காரை ஏற்றினோம். மண்மேட்டில் லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு, சங்கிலியால் அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். காரைக் கட்ட லாரி டிரைவர் கொண்டுவந்த பெல்ட்டை மாமனார் தொடக்கூட இல்லை. கயிறுதான். பாடியில் படாமல் அச்சில் போட்டுத் தரையில் இருந்த வளையங்களில் அவரே இழுத்துக் கட்டினார். நான்கு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை வைத்தார். பிறகு திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்றா பாத்துட்டு நிக்கறே? உள்ள ஏறு."

சங்ககிரி லாரிக்காரர்கள் பழக்கம் அது. பஞ்சு மூட்டையோ வைக்கோலோ எதை ஏற்றினாலும் மேலே ஒரு ஆள் உட்கார்ந்து போவான். புதுக் கயிறு ஓட்டத்தில் தளரும். அதை அவ்வப்போது இறுக்குவது அவன் வேலை. திறந்த லாரியில் அவனுக்குக் கிடைப்பது ஊர்க்காற்று. பூட்டிய பொட்டிக்குள் என்ன கிடைக்கும் என்று மாமனார் யோசிக்கவில்லை. லோடு என்றால் ஆள், அவ்வளவுதான்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "பொட்டிக்குள்ள ஆள் வேண்டாமுங்க. சூடு தாங்காதுங்க."

"நான் அசாமுக்குப் பஞ்சு மூட்டை மேலயே படுத்துட்டுப் போனவன். இவன் சேந்தமங்கலம் வரைக்கும் தாங்க மாட்டானாக்கும்?"

டிரைவர் ஒதுங்கிக்கொண்டார். நான் பேசினேன். "மாமா, உள்ள மூச்சு முட்டுமுங்க. வழியில நாலு தடவ நிறுத்திக் கயிறு பாத்துக்கலாம்."

"அம்மிணி, காரு உன்ற ஊட்டுச் சீதனமா? இது ஆம்பளைங்க சோலி."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. பெருமை இருந்தது. அந்தக் காரைத் துடைக்கக்கூட அதுவரை அவரை விட்டதில்லை. ஏறப் போனவரை மாமனார் மறித்து, பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்னார். பெல்ட் கொக்கி கீறுமாம். வாட்ச் கீறுமாம். மோதிரம் கீறுமாம். செல்போனும் கீறுமாம். எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கட்டை அடிக்கும் சுத்தியலோடு என் புருஷன் பொட்டிக்குள் ஏறினார். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்கள். கோழியைக் கூடையில் கவிழ்ப்பதற்குக்கூட இதைவிட யோசிப்பார்கள்.

முன்னால் டிரைவர், நடுவில் மாமனார், ஜன்னலோரம் நான். திருச்செங்கோடு வரைக்கும் மாமனார் அந்தக் காரின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. டங், டங் என்று விடாமல்.

"கட்டை அடிக்கறான்" என்றார் மாமனார். "அடிக்கட்டும். இன்னைக்காவது ஒரு வேலை செய்யறானே."

எனக்குச் சரியாகப் படவில்லை. முட்டுக்கட்டை மரம், மரத்தில் அடித்தால் இப்படிக் கேட்காது. தகட்டில் அடிக்கிறார். சொன்னேன். மாமனார் கேட்டுக்கொள்ளவில்லை. சத்தம் இடைவெளி விட்டு வந்தது, பிறகு மெலிந்தது, பிறகு நின்றது.

"பாத்தியா? கட்டை நின்னுக்கிச்சு" என்றார்.

"மாமா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

"நடு ரோட்டுல நிறுத்தி, எவனாவது பின்னால மோதுனா? தோட்டத்துக்குப் போயித்தான் கதவத் தொறக்கோணும்."

என் மடியில் அவருடைய வாட்சும் மோதிரமும் இருந்தன. அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய போனும் என் மடியில்தான் இருந்தது. நான் கதவின் கைப்பிடியை இழுத்தேன். ஓடுகிற லாரியில் கதவு படாரென்று திறந்து காற்று உள்ளே அடித்தது. ஒரு காலை வெளியே வைத்து, "நிறுத்தலீன்னா குதிச்சுருவேன்!" என்று கத்தினேன். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. குதித்திருப்பேன்.

டிரைவர் பிரேக்கில் காலை வைத்தார். மாமனார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினார். எனக்காக என்று ஒரு நொடி நினைத்தேன்.

"மெல்லப் புடிடா! காரு முன்னால வந்து இடிச்சுரும்!"

முன்னால் இடிக்க அங்கே இருந்தது என் புருஷன்.

கொண்டியை நானே தட்டி எடுத்தேன்; இரும்பு கையைச் சுட்டது. கதவு திறந்ததும் பெட்ரோல் வாடையும் அனலும் முகத்தில் அறைந்தன. வாய் வரைக்கும் ஊற்றிய பெட்ரோல் வெயிலில் பொங்கி, பழைய மூடி வழியாகக் கசிந்து தரையெல்லாம் நனைந்திருந்தது. அவர் காருக்கும் முன் தகட்டுக்கும் நடுவில் சுருண்டு கிடந்தார். ஒரு கை கயிற்றைச் சுற்றியிருந்தது. சட்டை உடம்பில் இல்லை; சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார். வாந்தி வந்திருக்கிறது. கார் மேல் பட்டுவிடக் கூடாது என்று சட்டையைக் கழற்றி அதில் எடுத்திருக்கிறார்.

நானும் டிரைவரும் கை கால்களைப் பிடித்து இறக்கினோம். முகத்தில் தண்ணீர் அடித்ததும் கண்ணைத் திறந்தார், ஆனால் நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மாமனார் எங்களைத் தாண்டி உள்ளே ஏறி, குனிந்து முன் பம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாமக்கல் போகும் முட்டை வேன் ஒன்று நின்றது. வெற்று அட்டைகளை ஒதுக்கி அவரைப் படுக்க வைத்தோம். "நீங்களும் வாங்க மாமா" என்றேன். என் வாயிலிருந்து அப்படிக் கெஞ்சலாக வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

"நீ கூட்டிட்டுப் போ அம்மிணி. வெயில்ல நிறுத்துனா காரு கெட்டுப் போயிரும். எறக்கிப் போட்டுட்டு வாரேன்."

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொன்னார். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, பொட்டிக்குள் காரோடு வைத்துப் பூட்டினோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையையும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

பொழுது சாய்ந்து மாமனார் வந்தார். குளித்து, வேட்டி மாற்றி, நெற்றியில் விபூதி. மாமனாருக்குச் சொல்ல ஒரு கூடை வசவை நான் மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் மூக்குக்கு மேல் இருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் விலக்கினார். வாந்தி எடுத்து எடுத்துக் குரலே இல்லை.

"கயிறு தளரவே உடலீங்கப்பா."

மாமனார் கட்டில் அருகே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தேன்" என்றார். "காரு ஒரு இம்மி நவுரலை. பரவால்லடா, நீயும் லாரிக்காரன் மகன்தான்."

என் புருஷன் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றும் குழந்தை பிறந்தன்றும் நான் பார்க்காத மலர்ச்சி அது. கண்ணில் தண்ணீர் வேறு. அந்த ஒரு வார்த்தைக்கு உயிரையே விலையாகக் கொடுத்தாலும் தகும் என்பது போலப் படுத்திருந்தார். நான் சேர்த்து வைத்த வசவெல்லாம் வீண். இந்த மனிதருக்காக யாரோடு சண்டை போடுவது?

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆடி கழிஞ்சு பெயிண்ட் அடிக்கச் சேலத்துக்குக் கொண்டு போகோணும். அப்பவும் நீயே உள்ள இருந்துக்க."

"சரீங்கப்பா" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, மூடியை மறுபடி மாட்டிவிடச் சொல்லி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் மாட்டிவிட்டேன்.